தடைப் பட்டியலில் காஞ்சனா

போன வாரம், பெங்களூரிலிருந்து கடிதம் வந்த சந்தோஷத்தில் காஞ்சனாவின் வாயில் சுதாகர் மைசூர்பாகைத் திணித்த இடத்தில் அவளை விட்டுவிட்டு வந்தோம். அந்தத் தித்திப்போடு இன்னும் நாலு நாள் இருக்க விட்டிருக்கலாம், பாவம். ஆனால் பொழுது விடிந்துவிட்டதே, என்ன செய்ய?

விடிந்தது ஆடிக் கிருத்திகை. மூன்று மணியிலிருந்தே தெருவில் 'அரோகரா' சத்தம். காஞ்சனாவின் மாமனார் வேதாசலத்தின் விசைத்தறிக் கொட்டகைக்கு அன்று லீவு. வருஷம் முழுக்கக் கடகடவென்று அடித்துக்கொண்டிருக்கிற பதினாறு தறியும் வாய்மூடிக் கிடந்தன. பெரியவர் மஞ்சள் வேட்டி கட்டி, தோளில் பூக்காவடி வைத்து, இடுப்பில் கொட்டகைச் சாவியைச் செருகிக்கொண்டு மலையேறப் போய்விட்டார்.

வீட்டில் மூன்று பேர். காஞ்சனா, அவள் புருஷன் சுதாகர், சுதாகரின் தங்கை சுசித்ரா.

காஞ்சனாவுக்கு அது முக்கியமான நாள். பதினோரு மணிக்குப் பெங்களூர் கம்பெனி ஒரு மாதிரிப் பூவை மெயிலில் அனுப்பும். அந்தப் பூவை வைத்து ஒரு சேலைக் கரையை இழைக்கு ஒரு கட்டமாக வரைந்து நாலு மணிக்குள் அவள் திருப்பி அனுப்ப வேண்டும். சரியாக வந்தால் வேலை. ஆறு மாதம் பெங்களூரிலேயே தங்கிப் பயிற்சி. கை தவறினால், வரிசையில் அடுத்து நிற்கிற யாரோ ஒரு பெண்ணுக்கு அந்த இடம் போய்விடும்.

கல்யாணமாகி வந்த ஐந்து வருஷமாக இந்தக் கொட்டகையின் கரை, முந்தி, புட்டா எல்லாம் அவள் வரைந்ததுதான். சேலைகள் 'வேதாசலம் அண்ட் சன்' என்ற சீட்டோடுதான் கடைக்குப் போகும். அந்த 'சன்' ஒரு பூ கூட வரைந்ததில்லை. அதற்காக அவள் என்றைக்கும் முகம் சுளித்ததும் இல்லை. ஆனால் பெங்களூரிலிருந்து வந்த கடிதத்தில் முதன்முதலாக 'காஞ்சனா அவர்களுக்கு' என்று இருந்தது. அதை அவள் ஏழெட்டுத் தரம் படித்தாள்.

விஷயம் சுதாகருக்கும் சுசித்ராவுக்கும் மட்டும் தெரியும். "வேலை கெடைக்கட்டும், நைனா கிட்ட நானே சொல்லிக்கிறேன். நீ வாயத் தொறக்காத" என்று சுதாகர்தான் சொல்லி வைத்திருந்தான்.

காலை ஒன்பது மணிக்குக் குளித்து, நெற்றியில் திருநீறு இட்டுக்கொண்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

நெட் வரவில்லை.

"இன்னா ஆச்சு?" டீ டம்ளரோடு வந்தான் சுதாகர்.

"கனெக்‌ஷன் எடுக்கல பாவா."

"எடுக்கும் எடுக்கும். அதுக்கும் இன்னிக்குக் கிருத்திகை, காவடி தூக்கப் போயிருக்கும்."

அவள் சிரித்தாள். அத்தை மகள், மாமன் மகன் என்று ஒரே முற்றத்தில் விளையாடி வளர்ந்தவர்கள். சின்ன வயதில் 'நீ, வா, போ' என்று கூப்பிட்டவனைக் கல்யாணத்துக்கு அப்புறம் 'வாங்க, போங்க' என்று மாற்றிக்கொண்டாள். 'பாவா' மட்டும் மாறவில்லை.

அந்தக் கம்ப்யூட்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடலாம். பஜாரில் மூடிப்போன ஒரு பிரவுசிங் சென்டரில் எடுத்த பழைய பெட்டி அது. வைரஸ் தின்று கிடந்ததை, பாலிடெக்னிக் வாத்தியார் ஒருவர் கொடுத்த லினக்ஸ் சிடியைப் போட்டு அவளே உயிர்ப்பித்தாள். நெட் வருகிற டெலிபோன் லைன் கொட்டகை ஆபீசில் இருக்கிறது, வீடோ பின்கட்டைத் தாண்டி இந்தப் பக்கம்; வீட்டுக் கூடத்து டெலிபோன் பேச மட்டும்தான். நடுவில் ஒயர் இழுத்தால் எலி கடித்துவிடுகிறது. அதனால் போன வருஷம் ஆபீசில் கொம்பு முளைத்த ஒரு வைஃபை பெட்டியை வைத்து, காற்றிலேயே நெட் இந்தப் பக்கம் வர வழி பண்ணியிருந்தாள்.

"பொட்டிக்குக் கரண்ட் இருக்குதா பாவா? ஜன்னல் வழியா பாத்துட்டு வாங்களேன்."

போய்ப் பார்த்துவிட்டு வந்தான். "மூணு லைட்டும் எரிஞ்சிக்கினு கீது."

தறியில் இழை அறுந்தால் காஞ்சனா பதற மாட்டாள். துணியிலிருந்து பின்னோக்கிப் போவாள். முதலில் இழை நுழைகிற அச்சு, அப்புறம் இழையைத் தூக்கி இறக்குகிற விழுது, அப்புறம் நீள இழைகள் சுற்றிக் கிடக்கிற பாவு. எந்த இடத்தில் இழை இல்லையோ அந்த இடத்தில் முடிச்சு. கம்ப்யூட்டரையும் அவள் அப்படித்தான் பார்ப்பாள்.

கறுப்புத் திரையைத் திறந்து முதல் கட்டளையைத் தட்டினாள். உள்ளே சொருகியிருக்கிற வைஃபை கார்டு தெரிகிறதா? தெரிந்தது. கார்டை ஓட்டுகிற டிரைவர் ஏறியிருக்கிறதா? ஏறியிருந்தது. அதை இறக்கி மறுபடி ஏற்றினாள். வைஃபை நிலவரத்தைச் சொல்லும் ஐ-டபிள்யூ-கான்ஃபிக் கட்டளையைத் தட்டினால் கடைசியில் வந்த பதில் ஒன்றே ஒன்று: எந்த வைஃபை பெட்டியோடும் சேரவில்லை.

"கார்டைக் கழட்டி மாட்டலாமா?" என்றான் சுதாகர்.

அவனே ஸ்க்ரூ டிரைவர் எடுத்து வந்தான். சிபியு மூடியைக் கழற்றினான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் மண்டியிட்டு, வாயால் தூசி ஊதினான். சுசித்ரா டார்ச் பிடித்தாள். கார்டைக் கழற்றி, துணியால் துடைத்து, அழுத்தி மாட்டினார்கள்.

வரவில்லை.

"நீ ஞாயித்துக்கெழம இன்னாத்தையோ அப்டேட் போட்டியே" என்றான் சுதாகர், தலையைத் தூக்காமலே. "அதுலருந்துதான் கோளாறோ இன்னாவோ."

காஞ்சனா போட்டது உண்மைதான். கம்ப்யூட்டரின் மூலப் பகுதியையே புதிதாக மாற்றியிருந்தாள். யாராவது பரீட்சை வைத்துக்கொண்டு அந்த வாரத்தில் அதில் கை வைப்பார்களா? தன் புத்தியைத் தானே திட்டிக்கொண்டாள். பழைய பகுதியைத் தேர்ந்தெடுத்து மறுபடி கிளப்பினாள். அந்தக் கிழட்டுப் பெட்டி எழுந்து வர ஐந்து நிமிஷம். வந்தும் பிரயோஜனமில்லை. புதியதற்கு மாற்றினாள், மறுபடி ஐந்து நிமிஷம். இப்படியே ஒரு மணி நேரம் போனது.

"என் கையாலயே கெடுத்துக்கினேன் பாவா."

"விடு காஞ்சு. வேணும்னேவா பண்ணே?" என்று அவள் தோளைத் தட்டினான்.

அந்தத் தட்டலை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், தாயே. காஞ்சனா அதை வெகு நாளைக்கு மறக்க மாட்டாள்.

சமையல்கட்டிலிருந்து சாம்பார் கொதிக்கிற வாசனை. அம்மையார்குப்பத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் மலைக்கு வந்திருக்கிறார்கள், சாமி பார்த்துவிட்டு மத்தியானம் இங்கேதான் சாப்பாடு. ஆவணியில் சுசித்ராவுக்கு நிச்சயம். அந்தப் பெண் ஒரு காலைச் சமையல்கட்டிலும் ஒரு காலைக் கம்ப்யூட்டர் அறையிலும் வைத்துக்கொண்டு அல்லாடியது. அரக்கோணத்தில் பி.ஏ. இங்கிலீஷ் படிக்கிறாள். பெங்களூருக்குப் போட்ட விண்ணப்பத்தைக் கூட அவள்தான் அண்ணிக்கு அழகாக எழுதிக் கொடுத்தாள்.

மணி பதினொன்று அடித்தது.

"இன்னேரம் மெயில் வந்திருக்கும்" என்றாள் காஞ்சனா. "பாவா, பஜார் பிரவுசிங் சென்டருக்காவது போய்ட்டு வந்துடவா?"

"இந்தக் கூட்டத்துலயா? நசுங்கிப் பூடுவே. நீ இரு, நான் பாத்துட்டு வரேன்."

அரை மணி கழித்து வியர்வையோடு வந்தான். "பஜார்ல ரெண்டு சென்டரும் சாத்திக்கினு இருக்குது. கிருத்திகை லீவு."

"கொட்டாயத் தொறந்து, சிபியுவை அங்க தூக்கினு போய் ஒயர்லயே மாட்டிட்டா?"

"சாவி நைனா இடுப்புல. மலை மேல போயி எங்க தேடறது?"

எல்லா வழியும் ஒவ்வொன்றாக மூடியது. காஞ்சனா கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி திரையைப் பார்த்தாள். அழுதால் இழை தெரியாது.

சுற்றுவட்டாரத்தில் என்னென்ன வைஃபை இருக்கிறது என்று தேடச் சொன்னாள். தங்கள் பெட்டியின் பெயர் முதல் வரியிலேயே நின்றது, சிக்னல் கொள்ளை கொள்ளையாக. ஆக, காற்றில் குறையில்லை. பாஸ்வேர்டை எழுத்தெழுத்தாக மறுபடி அடித்தாள். அதிலும் தப்பில்லை. அச்சு சரி, விழுது சரி, பாவும் சரி. அப்புறம் இழை எங்கே போகிறது?

கம்ப்யூட்டர் தனக்குள் எழுதிக்கொள்ளும் குறிப்பைத் திறந்தாள். காலையிலிருந்து நூறு வரி ஓடியிருந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரே வாசகம், திரும்பத் திரும்ப. மறுக்கப்பட்டது. மறுக்கப்பட்டது. மறுக்கப்பட்டது.

கையை விசைப் பலகையிலிருந்து எடுத்துவிட்டாள்.

கேட்கவில்லை என்றில்லை. கிடைக்கவில்லை என்றில்லை. இவள் கம்ப்யூட்டர் வாசல்வரை போய் நிற்கிறது, கதவைத் தட்டுகிறது, அந்தப் பெட்டி ஆள் யாரென்று பார்த்துவிட்டு 'நீ வேண்டாம்' என்கிறது. இயந்திரம் கெட்டுப்போனால் இப்படிப் பேசாது. இது யாரோ சொல்லிக் கொடுத்த பேச்சு.

"இன்னா பாத்துக்கினே கீற?" என்றான் சுதாகர்.

"ஒண்ணுமில்ல பாவா. ஒரே ஒரு இழை பாக்கி."

ஒவ்வொரு வைஃபை கார்டுக்கும் பிறக்கும்போதே ஒரு எண் உண்டு. பன்னிரண்டு எழுத்து. பெட்டி ஆளை அடையாளம் காண்பது அந்த எண்ணை வைத்துத்தான். லினக்ஸில் அந்த எண்ணைக் கொஞ்ச நேரத்துக்கு மாற்றி வைத்துக்கொள்ளலாம் என்று காஞ்சனாவுக்குத் தெரியும். செய்து பார்த்ததில்லை. கார்டை அணைத்தாள். எண்ணின் கடைசி எழுத்தை மட்டும் மாற்றினாள். மறுபடி உயிர் கொடுத்தாள்.

மூன்று விநாடி. சேர்ந்துவிட்டது.

"வந்துடுச்சா!" சுதாகர் எழுந்தே விட்டான். "எப்பிடி?"

காஞ்சனா தன் சொந்த வீட்டுக்குள் வேறு ஒருத்தி பெயரைச் சொல்லி நுழைந்திருக்கிறாள். சந்தோஷம் வரவில்லை.

மெயிலைத் திறப்பதற்கு முன் வைஃபை பெட்டியின் உள்பக்கத்தைத் திறந்தாள். அதன் பாஸ்வேர்டு இரண்டு பேருக்குத்தான் தெரியும். போன வருஷம் பின் தெருவில் ஒரு செல்போன் கடைக்காரன் இவர்கள் நெட்டைத் திருடிக்கொண்டிருந்தான். காஞ்சனா அவன் எண்ணைக் கண்டுபிடித்து, உள்ளே விடக் கூடாதவர்கள் பட்டியலில் போட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த சுதாகர், "அடி ஆத்தாடி, என் பொண்டாட்டி போலீசு!" என்று கைதட்டினான். அவனுக்கும் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

அந்தப் பட்டியல் திறந்தது. முதல் வரி, செல்போன் கடைக்காரன். அதற்குக் கீழே இன்னொரு வரி.

அது அவளுடைய எண்.

எண்ணுக்குப் பக்கத்தில் 'விவரம்' என்று ஒரு கட்டம் உண்டு. இஷ்டப்பட்டால் நிரப்பலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம். கடைக்காரன் வரிசையில் அவள் ஒன்றும் எழுதவில்லை. இரண்டாவது வரிசையில் எழுதியிருந்தது. காஞ்சனா. நேற்றைய தேதி. கடைசியில் வி.எஸ்.

வேதாசலம் கொட்டகையில் சீட்டு இல்லாமல் ஒரு பாவும் தறி ஏறாது. யார் தறி, என்ன தேதி, ஏற்றினவர் யார், மூன்றும் இருந்தாக வேண்டும். பத்து வயசிலிருந்து அந்தச் சீட்டை எழுதி எழுதிப் பழகிய கை வி. சுதாகருடையது. காலிக் கட்டத்தைக் கண்டால் அந்தக் கை சும்மா இருக்குமா? கதவைச் சாத்தின இடத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறான்.

காஞ்சனா திரும்பிப் பார்த்தாள். அவனும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். மூக்கு நுனியில் சிபியு தூசி ஒட்டியிருந்தது.

"நேத்து ராத்திரி நான் வெல்லப் பாகு காய்ச்சிக்கினு இருந்தப்போ, பாட்டு கேக்கறேன்னு இங்க வந்து உக்காந்தியே" என்றாள். "அப்பவா?"

ஐந்து வருஷத்துக்கு அப்புறம் 'நீ' வந்தது. அதை அவனும் கவனித்தான்.

"காஞ்சு, நான் சொல்றத..."

"தூசி ஊதனியே."

அவன் மூக்கு நுனித் தூசியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான்.

"அப்டேட்டாலதான்னு சொன்னியே. என் மேலயே பழியப் போட்டுட்டு, தோளையும் தட்டனியே பாவா. கதவச் சாத்தனவன் சாத்திட்டுப் போயிருந்தா கூட மனசு ஆறும். காலைலருந்து என் கூடவே உக்காந்து தேடனியே, இன்னா மனுஷன் நீ?"

சுதாகர் சுவரைப் பார்த்தான். "ஆறு மாசம்ன்றாங்க. ஆறு மாசம் வெளிய இருந்துட்டு வந்தவ இந்தக் கொட்டாய்க்கு வரைவியா? எனக்கு ஒரு கோடு போட வராதுன்னு ஊருக்கே தெரியும். அப்பறம் நான் யாரு இங்க?"

"அத நேர்ல கேட்டிருக்கலாமே. போகாதன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. மைசூர்பாகு எதுக்கு?"

அவன் குனிந்து, கழற்றி வைத்த சிபியு மூடியை எடுத்து மாட்டத் தொடங்கினான்.

பிரவுசிங் சென்டர் நிஜமாகவே மூடியிருந்ததா, இல்லை தெருமுனை வரை போய் நின்றுவிட்டு வந்தானா? சாவி மாமா இடுப்பில்தான் இருக்கிறதா? காஞ்சனாவுக்கு இனிமேல் எதுவும் தெரியாது. ஒரு பொய் பிடிபட்டதும், அன்று காலையிலிருந்து அவன் சொன்ன அத்தனையும் ஆட ஆரம்பித்துவிட்டது.

சரி, அழ நேரமில்லை. மணி பன்னிரண்டே முக்கால். இன்னும் மூணேகால் மணி நேரம் இருக்கிறது. மெயிலைத் திறந்தாள்.

மாதிரிப் பூ வரவில்லை. காலை எட்டே காலுக்குப் பெங்களூரிலிருந்து வேறொரு கடிதம் வந்திருந்தது. 'உங்கள் கடிதம் கண்டோம். உங்கள் முடிவை மதிக்கிறோம். தேர்வுப் பட்டியலிலிருந்து உங்கள் பெயரை எடுத்துவிட்டோம்.'

எந்தக் கடிதம்?

அனுப்பிய கடிதங்களைத் திறந்தாள். நேற்று இரவு எட்டு மணிக்கு அவள் பெயரிலேயே ஒன்று போயிருந்தது. குடும்பச் சூழ்நிலையால் கனத்த மனதோடு விலகிக்கொள்வதாக, தங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு மன்னிக்க வேண்டுவதாக, அருவி மாதிரி இங்கிலீஷ். ஒரு கமா கூடத் தப்பில்லை. அதற்கு வரும் பதிலை அவள் பார்த்துவிடக் கூடாதென்றுதான் நெட்டையும் சாத்தியிருக்கிறான்.

சுதாகர் பிளஸ் டூ இங்கிலீஷில் இரண்டு தரம் கோட் அடித்தவன். 'லீவ் லெட்டர்' எழுதவே தங்கையைக் கூப்பிடுவான்.

காஞ்சனா மெதுவாகக் கதவுப் பக்கம் பார்த்தாள். சுசித்ரா அங்கே நின்றுகொண்டிருந்தாள். கையில் டார்ச் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அணைக்க மறந்துவிட்டாள்.

"சுசி. நீயுமா?"

பொலபொலவென்று அழுதுவிட்டது அந்தப் பெண். "அண்ணன் எழுதச் சொல்லிச்சு அண்ணி. ஆனா அண்ணன் சொல்லலன்னாலும் நான் எழுதியிருப்பேன்."

"ஏண்டி?"

"அம்மையார்குப்பத்துக்காரங்க என்னையா கேட்டு வராங்க? உங்க டிசைனக் கேட்டு வராங்க. ரெண்டு கொட்டாயும் ஒண்ணாயிட்டா உங்க கை அவங்களுக்கும் கெடைக்கும்னு வராங்க. போன தடவ வந்தப்போ அந்தம்மா என் மூஞ்சிய ஒரு தரம் பாத்துச்சு, உங்க டிசைன் பேப்பர ஒரு மணி நேரம் பாத்துச்சு. நீங்க பெங்களூர் போனா அவங்க ஆவணிக்கு வருவாங்கன்னு நெனைக்கிறீங்க?"

"உனக்கு அந்தப் பையனப் புடிச்சிருக்குதா?"

சுசித்ரா தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலில் பொய்யில்லை. அதுதான் காஞ்சனாவை இன்னும் வாட்டியது. கோபப்படக் கூட முழுசாக ஒரு ஆள் கிடைக்கவில்லை.

"என் வேலைக்கு விண்ணப்பம் எழுதனதும் நீ. வேணாம்னு எழுதனதும் நீ. எனக்குன்னு ஒரு வரி எழுத நான் எப்பதான் கத்துக்கப் போறேன்?"

நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். புதிய கடிதம். சுசித்ரா பழக்கதோஷத்தில் ஒரு அடி முன்னால் வந்தாள்.

"வேணாம். அங்கயே நில்லு."

தானே தட்டினாள், ஒரு விரலால். மூன்றே வரி. நேற்றைய கடிதம் என்னுடையது இல்லை. நான் தயார். தயவு செய்து பூவை அனுப்புங்கள். அதில் எத்தனை இலக்கணப் பிழை என்று சுசித்ராவுக்குத் தெரிந்தது. காஞ்சனா அனுப்பிவிட்டாள்.

அப்புறம் பட்டியலுக்குப் போய், தன் பெயர் இருந்த வரியை அழித்தாள். பெட்டியின் பாஸ்வேர்டையும் மாற்றினாள். புதியதைச் சுதாகர் பார்க்க முடியாதபடி இடது கையால் விசைப் பலகையை மறைத்துக்கொண்டாள். அவன் அதைப் பார்த்தான். இத்தனை நேரம் திட்டு வாங்கியபோது ஆடாத முகம், அந்தக் கை மறைத்ததும் சுருங்கிப்போயிற்று.

பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. 'ஒரே முகவரியிலிருந்து இரண்டு கடிதங்கள், ஒன்றுக்கொன்று எதிராக. எதை நம்புவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. விண்ணப்பத்தில் உள்ள வீட்டு எண்ணுக்குப் போன் செய்து பெரியவர்களிடம் பேசுகிறோம். தெளிவானால் பூவை உடனே அனுப்புவோம். நாலு மணி என்பதில் மாற்றமில்லை.'

வீட்டு எண். கூடத்து டெலிபோன்.

காஞ்சனா எழுந்திருப்பதற்குள் வாசலில் 'அரோகரா' என்று கரகரத்த குரல். பெரியவர் வந்துவிட்டார். மொட்டைத் தலையில் சந்தனம், கழுத்தில் கசங்கிய சாமந்தி மாலை. அவருக்குப் பின்னால் அம்மையார்குப்பத்து வள்ளிநாயகியம்மாளும், அவள் மகனும். மலையிலேயே சந்தித்துக்கொண்டார்களாம்.

"காஞ்சனா! சுசி! யார் வந்துகிறாங்க பாருங்க!" என்றார் வேதாசலம். "தண்ணி கொண்டாங்கம்மா. முந்நூத்தி அறுவத்தஞ்சு படியும் ஏறி எறங்கின கால் இது, தொட்டாலே அழுவுது."

"பேத்தி பாக்கற வயசுல காவடி எதுக்கு சம்பந்தி?" என்று வள்ளிநாயகி சிரித்தாள்.

"எல்லாம் இதுங்களுக்காகத்தான். இந்தக் கொட்டாயும் இந்தப் புள்ளைங்களும் பிரியாம இருக்கணும்னு வேண்டிக்கினேன்."

காஞ்சனா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். வள்ளிநாயகி சொம்பை வாங்காமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தக் கைதானா? போன மாசம் எடுத்தாந்தீங்களே சம்பந்தி, அன்னப்பட்சி கரை, எங்கூட்டுக்காரர் அதத் தலைமாட்டுல வெச்சிக்கினு தூங்கறாரு. ஆவணி முடியட்டும், எங்க கொட்டாய்க்கும் நீதாம்மா வரையணும்."

காஞ்சனா நிமிர்ந்து சுசித்ராவைப் பார்த்தாள். சுசித்ரா தரையைப் பார்த்தாள். மாப்பிள்ளைப் பையன் மட்டும் வெட்கத்தோடு சுசித்ராவைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றும் அறியாத பிள்ளை.

அப்போதுதான் டெலிபோன் அடித்தது.

சுதாகர் இரண்டு எட்டில் கூடத்துக்கு வந்தான். அவன் கை நீள்வதற்குள், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியவர் ரிசீவரை எடுத்துவிட்டார்.

"ஆங், வேதாசலம்தான் பேசறேன்... பெங்களூரா? தமிழ்லயே சொல்லும்மா, எனக்குத் தெலுங்கும் வரும்... ஆங்... ஆங், என் மருமகதான்."

வள்ளிநாயகி சொம்பை வாயருகே கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள்.

பெரியவர் கேட்டுக்கொண்டே இருந்தார். சந்தனம் காய்ந்து அவர் நெற்றியில் வெடித்துக்கொண்டிருந்தது. முகத்தில் முதலில் குழப்பம் வந்தது. அப்புறம், தன் வீட்டில் நடப்பது தனக்கே தெரியாமல் போய்விட்ட ஒரு மனுஷனின் முகம் வந்தது. காஞ்சனாவுக்கு அந்த முகம் நன்றாகப் புரிந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அவளுக்கும் அதே முகம்தான் இருந்திருக்கும். அதை அவருக்குக் கொடுத்ததில் தனக்கும் ஒரு பங்கு இருக்கிறதே என்று நெஞ்சில் குத்தியது.

ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டார்.

"காஞ்சனா. நீ ஏதோ வேலைக்கு எழுதிப் போட்டியாமே?"

"ஆமா மாமா."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே."

"சொல்லாதது தப்புதான் மாமா."

"வர இஷ்டமில்லைன்னு நேத்து ஒரு காயிதம் போச்சாம். இன்னிக்கு வரேன்னு ஒண்ணு போச்சாம். இன்னா பதில் சொல்லட்டும்? நீ போறியா, இல்லியா?"

காவடிக் கூட்டத்தின் பம்பைச் சத்தம் தெருவில் நெருங்கி வந்து, வாசலைக் கடந்து போயிற்று. சுதாகர் கண்ணாலேயே கெஞ்சினான். காஞ்சனா அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"போறேன் மாமா. வேணாம்னு போன காயிதம் நான் எழுதல."

பெரியவர் ரிசீவரைக் காதில் வைத்தார். "கேட்டுச்சாம்மா? என் மருமக வராளாம். நீங்க அனுப்ப வேண்டியத அனுப்புங்க." வைத்துவிட்டார்.

ஒரு மூச்சு விட்டாள் காஞ்சனா. மணி ஒன்றரை. பூ வந்துகொண்டிருக்கும். இரண்டு மணி நேரம் போதும் அவள் கைக்கு. அறைப் பக்கம் திரும்பினாள்.

"நில்லு" என்றார் வேதாசலம்.

அவர் எழுந்திருக்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. வள்ளிநாயகியைத் தாண்டி, அவள் மகனைத் தாண்டி, சுவரோடு ஒட்டி நின்ற தன் பிள்ளைகள் இருவரையும் ஒருவர் பின் ஒருவராகப் பார்த்தார். அப்புறம் மருமகளிடம் கேட்டார்.

"நீ எழுதல. சரி. என் வீட்டுல உக்காந்துகினு, உன் பேர்ல, அத எழுதனது யாரு?"